மிசிசிப்பியின் மேல்முனையில் ஓர் இறால் போ'பாய்

நியூ ஆர்லியன்ஸின் போ'பாய் சாண்ட்விச்சைக் கெடுப்பது ரொம்ப எளிது. இறாலில் கை வைக்காமலேயே கெடுத்துவிடலாம். அமெரிக்காவின் வடக்கு மாநிலமான மினசோட்டாவில் பல உணவகங்கள் அதைத்தான் செய்கின்றன. இறால் நல்ல இறால்தான், பொன்னிறமாகப் பொரித்தது, உப்பு காரம் எல்லாம் சரி. அதைக் கொண்டுபோய் வெண்ணெய் மினுக்கும் பிரியோஷ் பன்னிலோ, கடித்தால் தாடை வலிக்கிற பகெட்டிலோ அடைக்கிறார்கள். மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு சாஸ், பக்கத்தில் 'கேஜன்' மசாலா தூவிய உருளைக்கிழங்கு வறுவல், சுவரில் ஒரு சாக்ஸஃபோன் படம். அவ்வளவுதான், நியூ ஆர்லியன்ஸ் வந்துவிட்டது என்று நினைப்பு.

நான் முதுகலை படித்தது நியூ ஆர்லியன்ஸில். வேலை கிடைத்தது மினியாபொலிஸில். இரண்டு ஊருக்கும் சாலை வழியே ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். இங்கே வந்த புதிதில் மெனுவில் போ'பாய் என்று பார்த்தாலே ஆர்டர் செய்துவிடுவேன். கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் போய்விட்டது. மினசோட்டாவுக்கென்றே ஒரு பொரித்த மீன் சாண்ட்விச் உண்டு. வால்ஐ (walleye) என்ற ஏரி மீன், மாநிலத்தின் அடையாள மீனும் அதுதான். அதை மாவில் தோய்த்துப் பொரித்து நீளமான பன்னில் வைத்துத் தருவார்கள். பழைய மதுக்கடைகளில் அது பிரமாதமாக இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போ'பாயை மறந்துவிடுவது நல்லது என்றுதான் இருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போ'பாய் என்பது லூசியானாவின், குறிப்பாக நியூ ஆர்லியன்ஸின் சாண்ட்விச். நீளமான ரொட்டியை நெடுக்காகப் பிளந்து, உள்ளே பொரித்த இறாலோ, சிப்பியோ, கெளுத்தி மீனோ, அல்லது குழம்பில் ஊறி உதிர்ந்த மாட்டிறைச்சியோ நிரப்பித் தருவது. கவுண்டரில் இருப்பவர் “டிரெஸ்டா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் மயோனைஸ், பொடியாக நறுக்கிய லெட்டூஸ், தக்காளி, வெள்ளரி ஊறுகாய் எல்லாம் சேரும். சில கடைகளில் லெட்டூஸுக்குப் பதில் முட்டைக்கோஸ். கிரிஸ்டல் ஹாட் சாஸ் மேசையிலேயே இருக்கும். அனன்சியேஷன் தெருவில் டோமிலீஸ் என்று ஒரு கடை, வெளியிலிருந்து பார்த்தால் யாரோ குடியிருக்கும் வீடு மாதிரிதான் இருக்கும். பார்க்வே என்று இன்னொன்று, 1911-இல் பேக்கரியாகத் தொடங்கியது. காத்ரீனா புயலின் ஐந்தாம் ஆண்டு நினைவுக்கு 2010-இல் வந்த ஒபாமா அங்கேதான் சாப்பிட்டார். மாணவனாக இருந்தவன் கையில் காசு குறைவு. பாதி போ'பாய் வாங்கி மதியம் முழுவதையும் ஓட்டிய நாட்கள் நிறைய.

எங்கள் அறையில் நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் இருந்தான். கடற்கரைப் பையன், மீன் விஷயத்தில் யாருக்கும் தலைவணங்காதவன். முதல் நாள் அழைத்துப் போனபோது, “ஏன்டா, இறால் பஜ்ஜியைப் பன்னுக்குள்ள வச்சுத் தர்றான். அதுக்கா இவ்ளோ நீள வரிசை?” என்றான். பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. அவனும் இப்போது இதே மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரத்தில்தான் இருக்கிறான். அவன் கதை பின்னால் வரும்.

அந்த வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 ஜூலை 1 அன்று நியூ ஆர்லியன்ஸின் டிராம் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். டிராம் நிறுவனம் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி வண்டியை ஓட்டப் பார்த்தது. ஊர்க்காரர்கள் கொதித்துப் போய் டிராமைக் கொளுத்தினார்கள். மக்கள் தொழிலாளர் பக்கம் நின்ற வேலைநிறுத்தம் அது. பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்று இரண்டு அண்ணன் தம்பிகள். முன்பு டிராம் நடத்துநர்களாக இருந்தவர்கள், 1922-இல் பிரெஞ்சு மார்க்கெட்டில் காபிக்கடை போட்டவர்கள். பழைய சகாக்களுக்கு அவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள்: தொழிற்சங்கத்தின் 194-ஆம் பிரிவு உறுப்பினர் எவருக்கும் எங்கள் கடையில் சாப்பாடு இலவசம். நரகம் உறைந்து போகும் வரை உங்கள் பக்கம்தான், அப்படி உறைந்துவிட்டால் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் நாங்களே தருகிறோம். இந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கும். மினசோட்டாவின் ஜனவரியில் காரைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

வேலைநிறுத்தக்காரர் ஒருவர் கடைப்பக்கம் வந்தால், “இதோ இன்னொரு ஏழைப் பையன் (புவர் பாய்) வருகிறான்” என்று உள்ளே குரல் கொடுப்போம், அப்படித்தான் பெயர் வந்தது என்று பென்னி மார்ட்டின் பின்னாளில் சொன்னார். அந்த நாளில் உள்ளே இருந்தது இறால் இல்லை. மாட்டிறைச்சிக் குழம்பு, அல்லது வறுத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிய அதே குழம்பு. பொரித்த சிப்பியை ரொட்டிக்குள் வைத்துத் தின்பது அதற்கும் முந்தைய, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கம். வீட்டுக்குப் பிந்தி வரும் கணவர்கள் மனைவியைச் சமாதானம் செய்ய வாங்கிக்கொண்டு போவார்களாம். மேகஸின் தெருவில் காஸமென்டோஸ் என்ற கடை 1919-இலிருந்து அந்தச் சிப்பி ரொட்டியைத் தடிமனான வேறொரு ரொட்டியில் போட்டுத் தருகிறது. கோடையில் கடையையே மூடிவிடுவார்கள்.

மார்ட்டின் சகோதரர்கள் செய்த முக்கியமான காரியம் இலவசமாகக் கொடுத்தது மட்டுமில்லை. வழக்கமான பிரெஞ்சு ரொட்டி இரண்டு முனையிலும் கூம்பிப் போகும். நறுக்கினால் நடுத்துண்டு வாங்கியவருக்கு நிறைய, ஓரத்துண்டு வாங்கியவருக்குக் கொஞ்சம். ஆயிரம் பேருக்குப் பங்கு வைக்கிற இடத்தில் அது சரிப்படாது. ஜான் ஜென்டூசா என்ற பேக்கரிக்காரர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலத்தில் 40 அங்குல நீளத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். எங்கே வெட்டினாலும் எல்லோருக்கும் சம பங்கு. போ'பாய் அந்த ரொட்டியில்தான் தொடங்குகிறது. நிரப்புவது எதுவானாலும் மாறலாம், மாறியும் இருக்கிறது. ரொட்டி மாறினால் அது வேறு சாண்ட்விச்.

இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறேன். வெளியூரில் போ'பாய் அசலா என்று தெரிந்துகொள்ள இறாலைப் பார்க்க வேண்டாம், மசாலாவைப் பார்க்க வேண்டாம். ரொட்டியின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தோல் மெல்லியதாக இருக்க வேண்டும், நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே காற்றுதான் பாதி இருக்க வேண்டும், அழுத்தினால் மறுப்புச் சொல்லாமல் அமுங்க வேண்டும். ருசி என்று பெரிதாக ஒன்றும் இருக்கக் கூடாது. புளிப்பேறிய, துளை துளையான, கருக்கச் சுட்ட, பேக்கரிக்காரர் பெருமைப்படுகிற ரொட்டி வெண்ணெய் தடவித் தின்ன அருமையானது. போ'பாய்க்கு அது எதிரி. தோல் கடினம் என்பதால் பல்லை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் இறால் பின்பக்கமாக வெளியேறி மடியில் விழும். பன் என்றால் அதற்கு நேர்மாறான கேடு. மயோனைஸும் தக்காளிச் சாறும் பட்டதும் கூழாகிவிடும்.

நியூ ஆர்லியன்ஸில் அந்த ரொட்டியைப் பிரெஞ்சு ரொட்டி என்றுதான் சொல்வார்கள். சுடுபவர்களைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் குறைவு. லைடன்ஹைமர் பேக்கரியை 1896-இல் தொடங்கியவர் ஜெர்மனியின் டைடஸ்ஹைமிலிருந்து வந்தவர். ஜென்டூசா குடும்பம் சிசிலிய வழி. நகரின் கிழக்குப் புறத்தில், 1975-க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமிய அகதிகள் நடுவில், 1982-இல் டோங் ஃபூவோங் என்ற பேக்கரி வந்தது. ஊரில் பல உணவகங்கள் இன்று போ'பாய்க்கு அந்த ரொட்டியை வாங்குகின்றன. 2018-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்த ரொட்டியை வெளியூரில் ஏன் சுட முடியவில்லை என்று நியூ ஆர்லியன்ஸ்காரரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, காற்றின் ஈரம். இரண்டு, மிசிசிப்பித் தண்ணீர். இரண்டாவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். மிசிசிப்பி பிறப்பது மினசோட்டாவின் வடக்கே, இடாஸ்கா என்ற ஏரியில். மினியாபொலிஸுக்கும் செயின்ட் பாலுக்கும் குடிநீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. நாங்கள் குடித்து, குளித்து, கழித்துவிட்டதுதான் நாடு முழுவதும் ஓடிக் கடைசியில் அவர்கள் குழாய்க்குப் போகிறது. ரகசியம் தண்ணீரில் என்றால் முதல் உரிமை எங்களுக்கு. ஈரக் காற்றுக்கதையும் பாதிதான் உண்மை. காலையில் சுட்ட ரொட்டியின் தோல் அந்த ஊர் ஈரத்தில் சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும். அதனால்தான் வண்டி தினமும் கடை கடையாகப் போய் இறக்குகிறது, மிஞ்சியது பிரெட் புட்டிங் ஆகிறது. இங்கே குளிர்காலக் காற்றில் ஈரமே கிடையாது, அப்பளம்கூட நமத்துப் போகாது. உண்மையான காரணம் மாவைத் தளர்வாகப் பிசைவதும், சீக்கிரம் பொங்கவிடுவதும், நீராவி விட்டுச் சுடுவதும், விலையை மலிவாக வைத்திருக்க இயந்திரத்தில் நிறைய நிறையச் சுடுவதும். வெளியூர் பேக்கரிக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. ருசியில்லாத, மலிவான, ஒரே நாளில் கெட்டுப் போகிற ரொட்டியை அவர் எதற்குச் சுட வேண்டும்? வாங்க ஆள் வேண்டுமே.

வாங்க ஆள் இருக்கிற இடத்தில்தான் எனக்கும் கிடைத்தது. செயின்ட் பாலில் யூனிவர்சிட்டி அவென்யூ நெடுக வியட்நாமியர்களின், மோங் இனத்தவரின் கடைகள். அங்கே ஒரு பேக்கரியில் சனிக்கிழமைகளில் பான் மீ என்ற வியட்நாமிய சாண்ட்விச் வாங்குவேன். ஒரு நாள் எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். கவுண்டரில் பெரிய காகிதப் பைகள், அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ரொட்டிகள். பான் மீ ரொட்டி ஒரு சாண் இருக்கும். இவை முழங்கையைத் தாண்டி நீண்டிருந்தன. அவர் பைக்கு ஒரு ரொட்டி வீதம் உருவி, கட்டை விரலால் அழுத்தி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.

“போ'பாய்க்கா?” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். “வேறு எதற்கு, பேபி?” என்றார். நியூ ஆர்லியன்ஸில் கடைக்காரர், பஸ் ஓட்டுநர், நர்ஸ், யாராக இருந்தாலும் எதிரே இருப்பவர் பேபிதான், எழுபது வயதுக்காரராக இருந்தாலும். அந்த ஒரு சொல்லிலேயே ஊர் தெரிந்துவிட்டது. நான் அங்கே படித்தவன் என்றேன். உடனே, “எந்த ஸ்கூல்?” என்றார். அந்த ஊரில் இப்படிக் கேட்டால் உயர்நிலைப் பள்ளியைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பதிலை வைத்து எந்தப் பேட்டை, எந்தக் குடும்பம் எல்லாம் கணக்குப் போட்டுவிடுவார்கள். நான் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். “அது சேர்த்தி இல்லை” என்று சொல்லிவிட்டு, கடை விலாசத்தை ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

கடை என்றால் நாலைந்து மேசை, ஒரு கண்ணாடித் தடுப்பு, பின்னால் எண்ணெய்ச் சட்டிகள். சுவரில் சாக்ஸஃபோன் இல்லை, பாசிமணி மாலைகள் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் செயின்ட்ஸ் கால்பந்து அணியின் காலண்டர் ஒன்று மட்டும். அவர் ஜென்டிலி பகுதிக்காரர். 2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா வந்து, கரைகள் உடைந்து, நகரத்தில் எண்பது சதவீதம் தண்ணீருக்குள் போனபோது வீட்டை விட்டவர். முதலில் ஹூஸ்டன், அப்புறம் இங்கே தங்கை வீடு. திரும்பிப் போக நினைத்து, போகாமல், இங்கேயே கடை போட்டுவிட்டார். இதையெல்லாம் அவர் சோகமாகச் சொல்லவில்லை. இறாலை மாவில் புரட்டிக்கொண்டே, நடுவில் ஆர்டரும் வாங்கிக்கொண்டே சொன்னார்.

ரொட்டிக் கதையைத்தான் விரிவாகச் சொன்னார். முதலில் சூப்பர்மார்க்கெட் ரொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள், அவருக்கே சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகு ஊரிலிருந்து, பாதி சுட்டு உறையவைத்த ரொட்டியை வரவழைத்தார். இங்கே அடுப்பில் வைத்து மீதியைச் சுட்டால் போதும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காற்றை அடைத்து லாரியில் ஏற்றுகிற மாதிரி ஒரு சரக்கு அது. எடை இல்லை, இடம்தான் அடைக்கும், உறைபதன வண்டி வேறு வேண்டும். ரொட்டியின் விலையை விட வாடகை அதிகம். அப்போதுதான் ஊரில் கிழக்குப் புறத்து வியட்நாமியர்கள் சுடும் ரொட்டி ஞாபகம் வந்து யூனிவர்சிட்டி அவென்யூவுக்குப் போயிருக்கிறார். பான் மீ ரொட்டியை அழுத்திப் பார்த்தார். தோல் மெல்லிசு, உள்ளே காற்று. நீளம் மட்டும் பற்றாது. பேக்கரிக்காரர் முதலில் முடியாது என்றார், அச்சுத் தட்டு வேறு வேண்டும் என்றார். இத்தனை ரொட்டி தினமும் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணம் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டாராம்.

பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோன ரொட்டி அங்கே லேசாகி, மொறுமொறுப்பாகி, போர் முடிந்து அகதிகளோடு அமெரிக்காவுக்கு வந்திருக்கிறது. வெயிலும் ஈரமும் உள்ள இரண்டு ஊர்களில் தனித்தனியாக ஏறக்குறைய ஒரே ரொட்டி உருவாகியிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் பான் மீயை வியட்நாமிய போ'பாய் என்றே பலகையில் எழுதுவதுண்டு. ஆகவே, ஊரை விட்டு எங்கேயோ இருந்துகொண்டு போ'பாய் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லூசியானா என்று பலகை போட்ட கடையைத் தேடாதீர்கள். அந்த ஊரில் வியட்நாமிய பேக்கரி இருக்கிறதா என்று பாருங்கள். யார் அங்கே நீள ரொட்டி வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள்.

சரி, சாண்ட்விச்சுக்கு வருகிறேன். இறால் சின்னது, வால் எடுத்தது. பெரிய இறால் பார்க்க அழகு. கடித்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும், அடுத்த வாய்க்கு ஒன்றும் இருக்காது. சின்ன இறாலென்றால் ஒவ்வொரு கடியிலும் மூன்று நான்கு அகப்படும். பாலும் முட்டையும் கடுகு விழுதும் சேர்ந்த கலவையில் தோய்த்து, மக்காச்சோள மாவில் புரட்டுகிறார். நம் ஊர்க் கடைகளில் கார்ன் ஃபிளவர் என்று விற்கும் வெள்ளை மாவு இல்லை இது. அது ஸ்டார்ச். இது மஞ்சள் சோளத்தை நைசாக அரைத்தது, உப்பும் மிளகாயும் கலந்தது. ஸடரைன்ஸ் என்ற நியூ ஆர்லியன்ஸ் நிறுவனத்தின் பாக்கெட் மாவு எல்லா வீட்டிலும் இருக்கும், இவர் கடையிலும் இருக்கிறது. சூடு 180 டிகிரி செல்சியஸ் பக்கம். சட்டியில் போட்டதும் ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் கொஞ்சம் தணிகிற கணத்தில் அள்ளிவிடுகிறார். ஒன்றரை நிமிடம்கூட இருக்காது.

இதற்குள் ரொட்டி அடுப்பில் சூடாகியிருக்கும். பக்கவாட்டில் பிளந்து, ஒரு பக்கம் விட்டுப் போகாமல் கீல் மாதிரி விட்டு, இரண்டு முகத்திலும் புளூ பிளேட் மயோனைஸைத் தாராளமாகத் தடவுகிறார். 1927-இலிருந்து வரும் பிராண்ட், மஞ்சள் கரு மட்டும் சேர்ப்பது. இதை மட்டும் ஊரிலிருந்து வரவழைப்பதை அவர் விடவில்லை. லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் கீழே. இறால் மேலே, ரொட்டி மூட முடியாத அளவுக்கு. வெள்ளைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, சுற்றியதோடு சேர்த்து நடுவில் ஒரே வெட்டு. வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் காகிதத்துக்குள் ஆவி நின்று தோல் நமத்துவிடும்.

கடித்தேன். முதலில் தோல் உடைந்து சட்டை முழுவதும் செதில். அப்புறம் ரொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அமுங்கிப் போக, பல் நேராக இறாலில் இறங்கியது. சோள மாவின் நறநறப்பு, உள்ளே இறாலின் இனிப்பு, மயோனைஸின் குளிர்ச்சி, ஊறுகாயின் புளிப்பு, நான் ஊற்றிய கிரிஸ்டல் சாஸின் வினிகர் நெடி. கிரிஸ்டல் காரத்துக்காக இல்லை, புளிப்புக்காக. தமிழ் நாக்குக்கு அது காரமே இல்லை. இறால் பின்னால் வெளியேறவில்லை. கீழே விழுந்தவை வெறும் ரொட்டிச் செதில்கள்தான்.

அடுத்த முறை நாகப்பட்டினத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இறாலை மட்டும் தனியே எடுத்து, மாவை உரித்து, வாயில் போட்டான். “மச்சி, இது வளர்ப்பு இல்லடா. கடல் எறா” என்றான்.

விசாரித்தால் சரிதான். லூசியானாவிலிருந்து வரும் மெக்சிகோ வளைகுடா இறால், தலை நீக்கி, ஓட்டோடு உறையவைத்த பாளம். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கா சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி. அதில் பல ஆண்டுகளாக அதிகம் அனுப்பி வந்தது இந்தியா. பெரும்பாலும் ஆந்திரக் கரையோரக் குளங்களில் வளர்க்கும் வனாமி என்ற வகை இறால். நாகப்பட்டினத்தைச் சுற்றியும் அந்தக் குளங்கள் உண்டு. அவன் மாமா ஒருவர் அதில்தான் பணம் பார்த்தார், அதில்தான் விட்டார். இந்த இறக்குமதி விலையோடு போட்டி போட முடியாமல் லூசியானாவின் இறால் படகுகள் கரையேறி நிற்கின்றன. அந்தப் படகுக்காரர்களில் கணிசமானவர்கள் வியட்நாமிய அகதிகளின் குடும்பங்கள் என்பது இன்னொரு பக்கம். லூசியானாவில் 2019-இலிருந்து, இறக்குமதி இறாலைப் பரிமாறும் உணவகம் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. செயின்ட் பால் கடைக்காரப் பெண்மணியும் அப்படித்தான் செய்கிறார். வளைகுடா இறால் கிடைக்காத வாரங்களில் சாக்பீஸால் பலகையில் “இன்று இறக்குமதி” என்று எழுதிவிடுகிறார், விலையையும் குறைத்துவிடுகிறார்.

அப்படி ஒரு வாரத்திலும் போய்ச் சாப்பிட்டேன். இறாலில் வாசனை குறைவு, கொஞ்சம் ரப்பர் தன்மை. ஆனாலும் அது போ'பாய்தான். ரொட்டி அதே ரொட்டி, செதில் அதே செதில். வளைகுடா இறாலைப் பிரியோஷில் வைத்துத் தந்தவர்களை விட இது எவ்வளவோ மேல். நண்பன் ஒத்துக்கொள்ளமாட்டான். அவனுக்கு மீன்தான் எல்லாம், ரொட்டி என்பது கையில் எண்ணெய் படாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி.

குறை இல்லாமல் இல்லை. ஜனவரித் தக்காளி மினசோட்டாவில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சிப்பி வாரக்கடைசியில்தான், அதுவும் விமானத்தில் வருவதால் விலை ஏறும். பொரித்த சிப்பி தமிழர்களில் பலருக்கு முதல் வாயில் பிடிக்காது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கடல் வாசனையோடு வழவழப்பு. சந்தேகப்படுகிறவர்கள் பாதி இறால், பாதி சிப்பி என்று கேட்கலாம், மறு பேச்சில்லாமல் போட்டுத் தருவார். மாட்டிறைச்சி போ'பாயும் மெனுவில் இருக்கிறது. குழம்பு நன்றாக இருந்தும் இறைச்சி இன்னும் உதிர வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் ரொட்டி தீர்ந்திருக்கும். தீர்ந்தால் கடையை மூடிவிடுவார். பக்கத்துக் கடையில் பன் வாங்கி ஒப்பேற்றுவது அவரிடம் நடக்காது. ஒருமுறை ஒருவர் அப்படிக் கேட்டார். “பேபி, நாளைக்கு வா” என்று மட்டும் சொல்லி எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டார்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: வியட்நாமிய பேக்கரி ரொட்டியைக் காலையில் வாங்கி அன்றே பயன்படுத்துங்கள். சூடான அடுப்பில் நாலைந்து நிமிடம் வைத்தால் தோல் மீண்டும் மொறுமொறுப்பாகிவிடும். இறாலை முட்டைக் கலவையில் அதிக நேரம் ஊறவிட வேண்டாம், மாவு பிடிக்காது. சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய்ச் சூடு இறங்கி மாவு எண்ணெயைக் குடித்துவிடும். இஞ்சி பூண்டு விழுது சேர்க்கலாமா என்று நண்பன் கேட்டான். சேர்த்தும் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் போ'பாய் என்று அந்த அம்மாவிடம் சொல்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.